ஓவியத்தில் நோய்க்குறி: எதை நம்பலாம்?

அமெரிக்காவில் கைமாறும் ஒவ்வொரு ஒரு டாலர் நோட்டிலும் ஒரு நோயாளியின் படம் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டனின் உதடுகள் இறுக மூடியிருப்பதையும் வாயைச் சுற்றியுள்ள பகுதி இயல்புக்கு மீறி உப்பியிருப்பதையும் உற்றுப் பார்த்தால் காணலாம். 1796இல் கில்பர்ட் ஸ்டூவர்ட் வரைந்து, முடிக்காமலே விட்டுவிட்ட ஓவியத்திலிருந்து எடுத்த முகம் அது. நோட்டுக்காகச் செதுக்கியபோது இடவலம் மாறிவிட்டது. வாஷிங்டன் அப்போதுதான் புதிய பல்செட் மாட்டியிருந்தார், வாய் அப்படி இறுகியிருப்பது அதனால்தான் என்று ஸ்டூவர்ட்டே சொல்லியிருக்கிறார். 1789இல் அதிபராகப் பதவியேற்றபோது வாஷிங்டனுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொந்தப் பல். மரத்தில் பல் கட்டியிருந்தார் என்பது பள்ளிக்கூடக் கதை. ஈயத்தில் நீர்யானைத் தந்தத்தையும் மனிதப் பற்களையும் பொருத்தி, சுருள்வில் வைத்துச் செய்த பல்செட்டுகள் அவை. அடிமைகளிடம் 9 பற்கள் வாங்கியதற்குப் பணம் கொடுத்த குறிப்பு 1784ஆம் ஆண்டின் மவுண்ட் வெர்னன் கணக்கில் இருக்கிறது.

அந்த முகத்தில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை. 1751இல் பார்படோஸ் தீவுக்குப் போன 19 வயது வாஷிங்டனுக்கு அங்கே பெரியம்மை கண்டது. தழும்புகள் கடைசிவரை முகத்தில் இருந்தன. ஸ்டூவர்ட் அவற்றைக் காட்டவில்லை. நியூஜெர்சியின் பிரின்ஸ்டன் கல்லூரிக்காக 1783இல் சார்லஸ் வில்சன் பீல் வரையத் தொடங்கிய பெரிய படத்திலும் (போரில் சிதைந்த இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் படம் இருந்த அதே சட்டத்தில் பொருத்தப்பட்டது) தளபதியின் முகம் மழமழவென்றுதான் இருக்கிறது. வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா ஊரிலிருந்த மேசானிய சங்கத்தார், உள்ளதை உள்ளபடி வரையும்படி வில்லியம் ஜோசப் வில்லியம்ஸ் என்ற ஓவியரை அனுப்பினார்கள். 1794இல் அவர் பாஸ்டலில் தீட்டிய படத்தில்தான் அம்மைத் தழும்பு, மச்சம், கன்னத்து வடு எல்லாம் தெரிகின்றன. ஆள் ஒருவர்தான், கேட்டவர் யார், எதற்குக் கேட்டார் என்பதைப் பொறுத்து முகம் மாறிவிட்டது.

அந்தத் தழும்புக்கு வரலாற்றில் பெரிய பங்கு உண்டு. விடுதலைப் போரில் பிரின்ஸ்டன் சண்டை முடிந்து, நியூஜெர்சியிலேயே எடிசன் ஊருக்கு வடக்கே உள்ள மோரிஸ்டவுனில் படை குளிர்காலத்தைக் கழித்தது. அங்கிருந்துதான் 1777 பிப்ரவரியில், தன் வீரர்களுக்கெல்லாம் அம்மை குத்தும்படி வாஷிங்டன் உத்தரவிட்டார். அந்த நோய் என்ன செய்யும் என்பதை அவர் தன் தோலில் அறிந்திருந்தார்.

அதே நோயின் அடையாளத்தை மறைக்காமல், காட்டுவதற்கென்றே வரைந்ததாகக் கருதப்படும் ஒரு படம் நம் பக்கத்தில் உண்டு. அயர்லாந்துக்காரரான தாமஸ் ஹிக்கி 1805 வாக்கில் மைசூரில் வரைந்தது. மூன்று பெண்கள். வெகுகாலம் இவர்கள் நாட்டியக்காரிகள் அல்லது தாசிகள் என்றே சொல்லப்பட்டார்கள். கேம்பிரிட்ஜ் வரலாற்றாய்வாளர் நைஜல் சான்சலர் வேறு விதமாக வாசித்தார்: நடுவில் இருப்பவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் பாட்டி லட்சுமி அம்மணி, இருபுறமும் அரசரின் மனைவியர். வலப்பக்கத்து இளம் அரசி சேலையை ஒதுக்கி, மேல்கையில் ஓரிடத்தைச் சுட்டுவதுபோல் நிற்கிறார். அது புதிதாக வந்த அம்மைப்பால் குத்திய இடம். இடப்பக்கத்து அரசியின் மூக்கடியிலும் வாயைச் சுற்றியும் தோலின் நிறம் மாறியிருக்கிறது. பெரியம்மைப் பொருக்கைப் பொடித்து மூக்கில் ஏற்றும் பழைய முறையின் தடயம் அது என்கிறார் சான்சலர். ஜென்னரின் அம்மைப்பால் இந்தியாவுக்கு 1802இல்தான் வந்தது. பசுவிலிருந்து எடுத்த சீழை உடம்பில் ஏற்றிக்கொள்ள மக்கள் தயங்கிய காலத்தில், அரச குடும்பமே முன்வந்து கையைக் காட்டிய விளம்பரப் படம் என்பது அவருடைய முடிவு. இதை எல்லாரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆனாலும் பழைய ஓவியத்தில் நோயைத் தேடுவதிலுள்ள எல்லாச் சிக்கலும் இந்த ஒரு படத்தில் இருக்கிறது: தெரிவது தழும்பா, நிழலா, வண்ணம் மங்கியதா, ஓவியர் வேண்டுமென்றே வைத்ததா?

சித்த மருத்துவம் நோயறிய எண்வகைத் தேர்வைச் சொல்கிறது: நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். ஓவியத்திலிருந்து கிடைப்பவை நிறமும் விழியும் மட்டும். இறந்தவரின் நாடியைப் பிடிக்க முடியாது; எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்கவும் முடியாது. எட்டில் இரண்டை வைத்துக்கொண்டு நோயின் பெயரைச் சொல்லும் துணிச்சல் மருத்துவ இதழ்களில் ஏராளமாக உண்டு. ஓய்வுபெற்ற பேராசிரியர்களும், விடுமுறையில் அருங்காட்சியகம் போன அறுவை நிபுணர்களும் எழுதிய கட்டுரைகள் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கின்றன. வாசிக்கச் சுவையானவை. அவற்றில் எது நிற்கும், எது நிற்காது என்று சலிப்பதற்கு எனக்குக் கைகொடுப்பவை இரண்டு கேள்விகள். ஓவியருக்கு அந்த அடையாளத்தை இட்டுக்கட்ட ஏதாவது காரணம் இருந்ததா? ஓவியத்துக்கு வெளியே, எழுத்திலோ எலும்பிலோ, வேறு சாட்சி உண்டா?

மோனாலிசாவை இந்தச் சல்லடையில் போட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான். 2004இல் பெல்ஜிய மருத்துவர் யான் டெக்கெகர், அவளுடைய இடக்கண்ணின் மூக்கோரத்தில் தெரியும் சிறு மஞ்சள் திட்டைக் காட்டி, ரத்தத்தில் கொழுப்பு மிகுந்த பரம்பரைக் கோளாறு என்றார். தமிழர்களுக்குப் பழக்கமான திட்டுதான் அது. நாற்பது வயதுக்கு மேல் கண்ணிமையில் அதைப் பார்த்ததுமே கொலஸ்ட்ரால் பரிசோதனைக்கு எழுதிக்கொடுக்கும் மருத்துவர்கள் உண்டு. 2018இல் மன்தீப் மெஹ்ராவும் ஹிலரி கேம்ப்பெலும் அதை மறுத்து, தைராய்டு குறைவு என்றார்கள்: மஞ்சள் தோல், அடர்த்தியற்ற முடி, இல்லாத புருவம், சற்றே தடித்த கழுத்து. மஞ்சள் தோலுக்கு ஐந்நூறு ஆண்டு பழைய வார்னிஷ் போதும். புருவத்தைப் பொறுத்தவரை, அக்காலத்து இத்தாலியப் பெண்கள் மழித்துக்கொண்டிருக்கலாம், அல்லது ஓவியத்தைச் சுத்தம் செய்தபோது அழிந்திருக்கலாம். 2007இல் பாஸ்கல் கோட் எடுத்த நுண்படங்களில் புருவ முடி ஒன்றின் தடம் தெரிந்தது. எட்டில் ஒன்றான நிறம்கூட இங்கே கைவிட்டுவிடுகிறது. லிசா கெரார்தினி 1479இல் பிறந்து 1542இல் இறந்தார் என்பது ஃப்ளாரன்ஸ் ஆவணங்களில் கிடைத்திருக்கிறது. 63 வயது. இளவயதிலேயே மாரடைப்பைக் கொண்டுவரும் கொழுப்போடோ, வைத்தியம் பார்க்காத கடும் தைராய்டுக் குறைவோடோ அந்த நூற்றாண்டில் ஒரு பெண் அவ்வளவு காலம் வாழ்ந்திருப்பாரா?

ரெம்பிராண்டின் ‘பத்சேபா’ (1654) இன்னும் அழுத்தமான வழக்கு. படத்திலுள்ள பெண்ணின் இடமார்பில் ஒரு குழிவும் நிறமாற்றமும் இருப்பதால் மார்பகப் புற்று என்று மருத்துவர்கள் பலர் எழுதினார்கள். மாதிரியாக அமர்ந்தவர் ஓவியரின் துணைவி ஹெண்ட்ரிக்கியே என்பது பொதுவான கருத்து. அவர் இறந்தது 1663இல், ஆம்ஸ்டர்டாமில் கொள்ளைநோய் பரவியிருந்த ஆண்டு. புற்றோடு ஒன்பது ஆண்டுகள் என்பது அன்று நம்பக் கடினமான கணக்கு. 1654 அக்டோபரில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. படம் வரைந்த ஆண்டில் அவர் கர்ப்பிணி. பால் கட்டியதால் வந்த வீக்கமாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம். ஆனால் ஒன்று: அந்தக் குழிவை ரெம்பிராண்ட் இட்டுக்கட்டக் காரணமே இல்லை. கண்டதை வரைந்திருக்கிறார். நோயின் பெயர்தான் நமக்குக் கிட்டவில்லை.

பெயரும் கிடைத்துவிடும் வழக்குகள் பெரும்பாலும் தோலின் மேலேயே உட்கார்ந்திருப்பவை. லூவ்ர் அருங்காட்சியகத்தில் கிர்லாண்டாயோ 1490 வாக்கில் வரைந்த கிழவரும் பேரனும் இருக்கிறார்கள். கிழவரின் மூக்கு முழுக்கக் கொத்துக்கொத்தாகப் புடைத்திருக்கிறது. எந்தத் தோல் மருத்துவரும் தயங்காமல் பெயர் சொல்வார். அந்த மூக்கைச் சிறுவன் அண்ணாந்து பார்க்கும் பார்வையில் அருவருப்பு துளியும் இல்லை. படத்தின் பொருளே அந்தப் பார்வைதான் என்பதால் மூக்கைத் திருத்த ஓவியருக்கு மனம் வரவில்லை போலும்.

நேர்மாறானது லண்டனிலுள்ள குவென்டின் மாசிஸின் ‘கிழவி’ (1513 வாக்கில்). குரங்கைப் போல நீண்ட மேலுதடு, அகன்ற மூக்குத்துளை, புடைத்த நெற்றி. 1989இல் இதே டெக்கெகர் எலும்பு பெருக்கும் பேஜட் நோய் என்று பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார், பலரும் ஏற்றார்கள். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. இதே முகம் லியனார்டோ வட்டாரத்துக் கேலிச்சித்திரங்களிலும் இருக்கிறது. வயதுக்குப் பொருந்தாத ஆடையில், மாப்பிள்ளை தேடும் கிழவியைப் பரிகசிக்கும் படம் அது. பரிகாசத்துக்கு முகத்தைக் கோணலாக்க ஓவியருக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

நம் சிற்ப மரபில் இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 13ஆம் நூற்றாண்டுக் காரைக்கால் அம்மையார் செப்புத் திருமேனி ஒன்று உண்டு: வற்றிய மார்பு, எலும்பும் தோலுமான உடல், கையில் தாளம். வெறும் மருத்துவக் கண்ணால் பார்த்தால் கடும் ஊட்டக்குறைவு, அல்லது முற்றிய காசநோய். ஆனால் ஸ்தபதி வார்த்தது, அம்மையார் சிவனிடம் வேண்டிப் பெற்ற பேயுரு. அதேபோல் மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கருக்கு இருக்கும் தொந்தியைப் பார்த்துச் சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட முடியாது. அங்கே அவருடைய முன்னோருக்கும் தொந்திதான். அரசன் என்றால் வயிறு இருக்க வேண்டும் என்பது அக்காலத்து இலக்கணம்.

இந்தச் சல்லடையில் நிற்கும் ஒரு வழக்குக்காக இனி டெக்சாஸ் போவோம். டாலஸில் சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழக வளாகத்துக்குள் மெடோஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. எண்ணெய்த் தொழிலில் பணம் சேர்த்த அல்கர் மெடோஸ், ஸ்பானிய ஓவியங்களுக்காக 1965இல் திறந்தது. தொடக்கத்தில் அவர் வாங்கியவற்றில் பல போலி என்று தெரிந்து சங்கடப்பட்டு, பிறகு விவரம் அறிந்தவர்களை வைத்து நல்லவற்றைத் தேடிச் சேர்த்தார். அந்த நல்லவற்றில் வெலாஸ்கஸ் வரைந்த இரண்டு முகங்கள் உண்டு: 1623-24இல் வரைந்த நான்காம் பிலிப், அப்போது வயது 18, 1656 வாக்கில் வரைந்த அரசி மரியானா, வயது 21. பிலிப்பின் நீண்ட தாடையையும் தொங்கும் கீழுதட்டையும் படத்தின் எதிரே நிற்கும் எவரும் பார்க்காமல் இருக்க முடியாது.

இவர்கள் கணவனும் மனைவியும். மரியானா பிலிப்பின் உடன்பிறந்த தங்கை மகள். முதலில் அவளை நிச்சயித்திருந்தது பிலிப்பின் மகன் பல்தசார் கார்லோஸுக்கு. அவனுக்கு அவள் அத்தை மகள், நம் கணக்கில் முறைப்பெண். 1646இல் பையன் இறந்துபோனான். 1649இல் 44 வயது பிலிப், இன்னும் 15 நிறையாத மரியானாவைத் தானே மணந்தார். அவர்களுடைய மகள் மார்கரிட்டா. உலகப் புகழ்பெற்ற ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தின் நடுவில் வெள்ளுடையில் நிற்கும் சிறுமி. அவளை 1666இல் மணந்தவர் வியன்னாவின் பேரரசர் லியோபோல்ட், மரியானாவின் உடன்பிறந்த தம்பி. இரண்டு தலைமுறையிலும் தாய்மாமனே மாப்பிள்ளை. வரன் பார்க்கப் பெண்ணின் போட்டோவை அனுப்புவதுபோல, மார்கரிட்டா வளர வளர அவளை வரைந்து வியன்னாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் வெலாஸ்கஸ். அந்தப் படங்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. கல்யாணத்துக்குப் போன படங்கள் என்பதை நோய் தேடும் மருத்துவர்கள் மறந்துவிடக் கூடாது. குறையைக் குறைத்துக் காட்டுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

பிலிப்–மரியானாவின் மகன் இரண்டாம் கார்லோஸ், 1661இல் பிறந்தவன். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேராததால் மெல்ல முடியவில்லை, பேச்சு புரியவில்லை, நடை தாமதம், இரண்டு திருமணம் செய்தும் பிள்ளையில்லை. 1700இல், 39 வயது நிறைவதற்குச் சில நாள் முன்பு இறந்தான். அரியணைக்காக ஐரோப்பா 1701இலிருந்து பதின்மூன்று ஆண்டுகள் சண்டையிட்டது. ஹுவான் கரேனோ வரைந்த படங்களில் அவன் முகம் முழுக்கத் தாடையாகவே இருக்கிறது.

ஒரு குழந்தைக்குத் தாய்வழி வந்த மரபணுவும் தந்தைவழி வந்த மரபணுவும் ஒரே மூதாதையரின் அதே பிரதியாக இருப்பதற்கான வாய்ப்பை ஓர் எண்ணால் குறிப்பார்கள். மாமன் மகளை மணந்தால் பிறக்கும் குழந்தைக்கு 0.0625; தாய்மாமனை மணந்தால் 0.125, அண்ணன் தங்கைக்குப் பிறந்தால் 0.25. கார்லோஸுக்கு 0.254 என்று 2009இல் கொன்சாலோ அல்வாரஸ் குழுவினர் கணக்கிட்டார்கள். நெருங்கிய சொந்தத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வாங்கியதால், மாமன்–மருமகள் பிள்ளையின் எண் உடன்பிறந்தோர் பிள்ளையின் எண்ணைத் தாண்டிவிட்டது. 2019இல் ரோமான் விலாஸும் சகாக்களும் ஓவியத்தையே தரவாக எடுத்துக்கொண்டார்கள். கார்லோஸின் அரச குடும்பத்தைச் சேர்ந்த 15 பேரின் 66 உருவப்படங்களைப் பத்துத் தாடை அறுவை நிபுணர்களிடம் காட்டி, தாடை நீட்டத்துக்கு 11 அடையாளங்கள், மேல்தாடைக் குறைவுக்கு 7 அடையாளங்கள் என்று மதிப்பிடச் சொன்னார்கள். இருபது தலைமுறைகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வம்சாவளியோடு அதை ஒப்பிட்டபோது, சொந்தத் திருமணம் கூடக் கூடத் தாடை நீட்டமும் கூடியது. தாடை நீட்டம் எல்லாரையும்விட மிகுந்திருந்தது நான்காம் பிலிப்புக்கு, டாலஸில் மாட்டியிருப்பவருக்குத்தான்.

எல்லா ஓவிய நோயறிதல்களிலும் நான் அதிகம் நம்புவது இதையே. பல ஓவியர்கள், இருநூறு ஆண்டுகள், எல்லாரும் அரசனை அழகாகக் காட்டச் சம்பளம் வாங்கியவர்கள். அப்படியிருந்தும் தாடை போகவில்லை. வெனிசுத் தூதர்களின் அறிக்கைகளும் அதையே சொல்கின்றன. ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. அந்தத் தாடை குலச்சின்னமாகவே ஆகிவிட்டிருந்தது. வாரிசு என்று காட்ட ஓவியர்கள் அதைச் சற்று இழுத்தே வரைந்திருக்கலாம். பதினைந்து பேர் என்பதும் சிறிய எண்ணிக்கை; தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

தமிழ்நாடு சொந்தத்தில் திருமணம் இந்தியாவிலேயே மிகுதியாக உள்ள மாநிலங்களுள் ஒன்று. தாய்மாமன் திருமணத்தை இந்துத் திருமணச் சட்டம் விலக்கினாலும் வழக்கம் இருந்தால் அனுமதிக்கிறது. அமெரிக்காவில் மாமன்–மருமகள் திருமணம் கலிஃபோர்னியா, நியூஜெர்சி, டெக்சாஸ் மூன்றிலும் செல்லாது. மாமன் மகளை மணப்பதோ கலிஃபோர்னியாவிலும் நியூஜெர்சியிலும் சட்டப்படி செல்லும். டெக்சாஸ் 2005இல் தடை செய்துவிட்டது. கர்ப்பகால ஆலோசனைக்குப் போகும் தமிழ்த் தம்பதியரிடம் “நீங்கள் சொந்தமா?” என்று மரபியல் ஆலோசகர் கேட்கும்போது, கேள்விக்குப் பின்னால் கார்லோஸின் கதை இருக்கிறது. ஒரேயொரு அக்காள் மகள் திருமணத்தையும் இருநூறு ஆண்டு அடுக்கையும் ஒன்றாக எடைபோடுவது தவறு. ஆனால் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இப்படித்தான், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்கள் டாலஸ் வழியாகப் போனால் அந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் கேள்வி வேறு திசையில் போயிருக்கிறது: அங்கே கண்ணைப் பற்றியே அதிகம் ஆராய்ந்தார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவின் ஸ்மித்–கெட்டில்வெல் கண் ஆய்வு நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கிறிஸ்டோஃபர் டைலர், லியனார்டோவுக்கு ஒரு கண் அவ்வப்போது வெளிப்புறமாக விலகும் மாறுகண் இருந்தது என்று 2018இல் எழுதினார். லியனார்டோவின் சாயல் இருப்பதாகக் கருதப்படும் ஆறு படைப்புகளில் பாவை, கருவிழி, இமை ஆகியவற்றுக்கு வட்டமிட்டு அளந்ததில், விலகல் சராசரியாகப் பத்து டிகிரி. ஒரு கண்ணை அடக்கிப் பார்க்க முடிந்ததால் உலகைத் தட்டையாகக் கண்டு, அதைத் தாளில் இறக்குவது அவருக்கு எளிதாயிற்று என்பது அவர் வாதம். அளவில் குறை சொல்ல எனக்குத் தெரியாது, அடித்தளத்தில்தான் சந்தேகம். வெரோக்கியோவின் தாவீது சிலையும் ‘சால்வதோர் முந்தி’யும் லியனார்டோவின் முகம்தான் என்பதை முதலில் யார் நிரூபித்தார்கள்?

ஸ்டான்ஃபோர்டின் கண் மருத்துவர் மைக்கேல் மார்மர் தேர்ந்துகொண்டது உறுதியான தரை. மோனேவுக்குக் கண்புரை என்பது 1912இலேயே மருத்துவர் எழுதிவைத்த செய்தி. 1923இல் அறுவையும் நடந்தது. அந்தப் புரையோடு பார்த்தால் தோட்டம் எப்படித் தெரிந்திருக்கும் என்று கணினியில் உருவாக்கிக் காட்டினார். கடைசிக்காலப் படங்களின் சிவப்புக்கும் கலங்கலுக்கும் அதில் விளக்கம் கிடைக்கிறது. இங்கே ஆவணம் முதலில், ஓவியம் பின்னால். இதற்கு எதிர்முனையில் இருப்பது எல் கிரேக்கோ பற்றிய பழைய கதை: கண்ணின் வளைவுக் கோளாறால்தான் மனிதர்களை நெட்டையாக வரைந்தார் என்பது. நெட்டையாகத் தெரியும் கண்ணுக்குத் தான் வரையும் துணியும் நெட்டையாகத்தானே தெரியும்? இரண்டும் ஈடாகி, படம் சரியான அளவிலேயே வந்திருக்கும். ஒரு நிமிடம் யோசித்தால் உடையும் இந்த விளக்கம் ஒரு நூற்றாண்டு ஓடியது.

சான்ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்து மருத்துவர் நிக்கலஸ் பெட்ராகிஸ் 1980இல் எழுதியதையும் சேர்த்துக்கொள்ளலாம், அது சிலைகளைப் பற்றியதானாலும். ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் மார்பளவுச் சிலைகளில் காதுச் சோணையில் குறுக்காக ஒரு மடிப்பு இருக்கிறது. 1973இல் சாண்டர்ஸ் ஃபிராங்க் என்ற மருத்துவர் இதய ரத்தக்குழாய் அடைப்போடு தொடர்புபடுத்திய மடிப்பு அது. ஹேட்ரியன் 138இல், 62 வயதில், மூச்சிரைப்பும் வீக்கமுமாக இறந்தார். அரசனின் காதில் இல்லாத சுருக்கத்தைச் சிற்பி ஏன் செதுக்கப் போகிறார்? அந்த வகையில் நல்ல சாட்சிதான். மடிப்புக்கும் இதயத்துக்குமான உறவே இன்னும் வாதத்தில் இருப்பது வேறு விஷயம். பாம்படமும் தண்டட்டியும் தோளைத் தொட வளர்த்த காதுகளில் இந்தச் சோதனையைச் செய்துபார்க்க நம்மூரில் வழியும் இல்லை.

நோயையே வரையும்படி கேட்ட சிலரும் இருந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற படங்களில் இத்தனை ஊகம் தேவைப்படுவதில்லை. 1618இல் ஜஹாங்கீரின் அவைக்கு இனாயத் கான் என்ற அதிகாரியைப் பல்லக்கில் கொண்டுவந்தார்கள். அபினியும் மதுவும் தின்றுதீர்த்த உடம்பு. அவருடைய நிலையைக் கண்டு அதிர்ந்த பேரரசர் ஓவியர்களை அழைத்து வரையச் சொன்னார். மெத்தையில் சாய்ந்த எலும்புக்கூடு, விலா எண்ணத்தக்க மார்பு, குழிந்த கன்னம். கோட்டோவியம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில், வண்ணப்படம் ஆக்ஸ்ஃபோர்டில். பேரரசரே நினைவுக்குறிப்பில் சம்பவத்தை எழுதியிருக்கிறார். படமும் எழுத்தும் ஒன்றையொன்று தாங்கும் அபூர்வம். பார்த்துக்கொண்டிருந்த ஜஹாங்கீரும் அபினிப் பழக்கமுள்ளவர்தான் என்பது கதையை இன்னும் கனமாக்குகிறது.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (1798 முதல் 1832வரை அரசர்) தன்வந்திரி மகால் நடத்தினார். கண்புரை அறுவையில் தானே ஈடுபாடு காட்டினார். அங்கே வைத்தியம் பார்த்தவர்களின் குறிப்பேடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. சிலவற்றோடு, நோயுற்ற கண்ணை மட்டும் பெரிதாக, வண்ணத்தில், அரண்மனை ஓவியரைக் கொண்டு வரைந்த படங்களும் உண்டு. பாவையின் வெண்மை, வெண்விழியின் சிவப்பு, இமையின் வீக்கம். பக்கத்திலேயே நோயாளியின் நிலையும் கொடுத்த சிகிச்சையும். எண்வகைத் தேர்வில் விழி ஒன்றைத் தனியே எடுத்து, மற்றதையெல்லாம் எழுத்தில் நிரப்பிய முறை இது. அண்மையில் சென்னைக் கண் மருத்துவர்கள் அவற்றை வாசித்து எழுதியபோது நோயின் பெயரைப் பற்றிப் பெரிய சண்டை எழவில்லை. ‘உருவப்படம்’ என்ற மரியாதைக்குள் இவை வருவதில்லை. முகமே இல்லாத படங்கள். மருத்துவ வரலாற்றுக்கு மோனாலிசாவைவிட இவையே பயன்படும் என்பது என் எண்ணம்.

சரபோஜி இறந்து சில ஆண்டுகளில், சீனத்தின் கான்டனில் 1835இல் அமெரிக்க மிஷன் மருத்துவர் பீட்டர் பார்க்கர் கண் மருத்துவமனை திறந்தார். ராட்சதக் கட்டிகளோடு வந்தவர்களை லாம் குவா என்ற சீன ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். எண்பதுக்கும் மேற்பட்டவை யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. தலையளவு கட்டி தொங்க, முகத்தில் வலியின் சுவடே இல்லாமல் நம்மைப் பார்க்கிறார்கள். இப்படங்களைப் பார்க்கர் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து காட்டி மருத்துவமனைக்கு ஆதரவு திரட்டினார். கட்டியைப் பெரிதாகக் காட்ட இங்கேயும் காரணம் இருந்தது என்று சொல்லலாம். பார்க்கரின் அறுவைக் குறிப்புகள் இருப்பதால் சந்தேகம் அடங்குகிறது.

யேலிலேயே தோல் மருத்துவப் பேராசிரியர் இர்வின் பிரேவர்மன், மருத்துவ மாணவர்களை ஓவியக் கூடத்துக்கு அழைத்துப்போய், தெரிந்த படத்தின் பெயரைச் சொல்லாமல் கண்ணுக்குப் படுவதை மட்டும் விவரிக்கச் சொன்னார். பயிற்சி பெற்றவர்கள் நோயாளிகளின் புகைப்படங்களிலும் அதிகம் கண்டார்கள் என்று 2001இல் அவரும் சகாக்களும் எழுதினார்கள். பிறகு பல கல்லூரிகள் இதைத் தொடர்ந்தன. அங்கே கற்பிப்பது பெயர் சூட்டுவதை அல்ல, அதற்கு முந்திய படியை.

அந்தப் படியைத் தாண்டிப் பெயர் சூட்டிய ஒன்று நியூஜெர்சியிலிருந்து ரயிலேறினால் போய்ப் பார்க்கும் தூரத்தில், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது: ஆண்ட்ரூ வையத் 1948இல் வரைந்த ‘கிறிஸ்டினாவின் உலகம்’. மெய்ன் மாநிலத்தின் புல்வெளியில் நமக்கு முதுகு காட்டிச் சரிந்திருக்கும் பெண், தொலைவிலுள்ள வீட்டை நோக்கிக் கைகளால் ஊர்ந்து போகிறாள். கிறிஸ்டினா ஓல்சன் வையத்தின் பக்கத்து வீட்டுக்காரர். போலியோ என்றே எல்லாரும் எழுதிவந்தார்கள். 2016இல் மேயோ மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவர் மார்க் பேட்டர்சன், மெல்ல மெல்ல நரம்புகளைத் தின்னும் சார்கோ–மாரி–டூத் என்ற பரம்பரை நோய் என்றார். காய்ச்சலில் தொடங்கிய கதை இல்லை, சிறுவயதிலிருந்தே நடையில் தடுமாற்றம், ஆண்டுக்கு ஆண்டு மோசமானது, பிறகு கைகளும் தளர்ந்தன. குடும்பத்தார் சொன்னவற்றையும் எழுதியவற்றையும் கொண்டு கட்டிய முடிவு. ஓவியத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது சொற்பம், அதுவும் நல்லதாயிற்று. கிறிஸ்டினாவுக்கு அப்போது 55 வயது. மெலிந்த கைகள் அவருடையவை. உடம்புக்கு வையத் மாதிரியாக அமர்த்தியது தன் மனைவி பெட்ஸியை. படத்தை மட்டும் நம்பியிருந்தால், நல்ல ஆரோக்கியத்தோடிருந்த 26 வயதுப் பெண்ணின் முதுகெலும்புக்கு வைத்தியம் எழுதியிருப்போம்.